2,75,000 ரூபாயில் பழைய ஸ்விஃப்ட்: திருவொற்றியூர் வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது, முதல் வேலையாக எதைச் செய்வது

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். திருவொற்றியூரில் ஒரு 2012 ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் விலைக்கு வந்திருக்கிறது. செகண்ட் ஓனர், 2,30,000 கேட்கிறார்கள். என்னிடம் மொத்தம் 2,75,000 இருக்கிறது. மிச்சத்தில் அலாய் வீல், எல்.இ.டி. ஹெட்லைட், ஆம்ப்ளிஃபயரோடு சப்வூஃபர் போட்டு, ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைக் கொஞ்சம் இறக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த வரிசையில் செய்வது?

பதில்:

வண்டித் தேர்வு சரி. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. 45,000 ரூபாயில் பேர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், அடிப்படை சர்வீஸ் இவ்வளவும் முடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பணத்தை அலாய்க்கும் சப்வூஃபருக்கும் போட்டால், மூன்றாவது மாதம் கூலன்ட் ஒழுகியோ ஷாக் அப்சார்பர் போயோ வண்டி மெக்கானிக் ஷெட்டில் நிற்கும். எனவே விலையை 2,00,000 பக்கம் இறக்கப் பாருங்கள். இறங்காவிட்டால் அலங்கார வேலைகளை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

2011 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் இது. 1.2 லிட்டர் கே12எம் இன்ஜின், டைமிங் செயின். ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடும். பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். இன்ஜின் கெட்டாலும் சரி பண்ணிவிடலாம், கியர் பாக்ஸையும் மாற்றிவிடலாம். பாடி அரித்துப்போனால் மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லை. திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கம் கடற்கரையை ஒட்டித் திறந்த வெளியில் பத்து வருஷத்துக்கு மேல் நின்ற வண்டிக்கு உப்புக்காற்றுதான் முதல் எதிரி. எனவே பானெட்டைத் திறப்பதற்கு முன் கீழே குனிந்து பாருங்கள்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, அடி விளிம்பில் தகடு மடிந்திருக்கும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். அங்கே தண்ணீர் வடிய சிறு துவாரங்கள் இருக்கும். மண் அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் தங்கி, தகடு உள்ளிருந்து வெளியே அரிக்கும். பெயின்ட் கொப்புளம் போல் எழும்பியிருந்தால் பின்னால் தகடு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். பிறகு மிதியடியைத் தூக்கி, கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரமோ புளித்த வாடையோ இருந்தால் தரைத் தகட்டைப் பார்க்காமல் பேச்சைத் தொடராதீர்கள். ஜாக்கி வைக்கும் இடங்கள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, பேட்டரிக்கு அடியில் உள்ள தட்டு, முன்பக்கம் ஷாக் அப்சார்பர் மேலே வந்து பிடிக்கும் கோபுரம், பின் ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், அடியில் ஓடும் பிரேக் பைப் என எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்த தகடு மொத்தென்று கேட்கும். மேலோட்டமான செந்துரு பரவாயில்லை, தேய்த்துப் பூசிவிடலாம். அடுக்கடுக்காக உரிகிற துரு ஷாக் கோபுரத்திலோ லோயர் ஆர்ம் பிடிக்கும் இடத்திலோ இருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அடியில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் பளபளக்கிறதா? விற்பதற்கு முந்தின வாரம் அடித்ததாக இருக்கலாம். அதன் மேலேயே தட்டிப் பாருங்கள்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், மணலி புதுநகர் எல்லாம் தண்ணீரில் நின்றன. 2023-ல் எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்படி மூழ்கிய வண்டியை வாட்டர் வாஷ் செய்து சீட் கவர் போட்டுப் பூசி மெழுகிவிடுவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. சீட் தண்டவாளத்தின் போல்ட், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஃபியூஸ் பாக்ஸ், அங்குள்ள கப்ளர்கள் ஆகியவற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பாகத்தில் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு ஒரே மட்டத்தில் கோடு போட்டது மாதிரி இருந்தாலும் சந்தேகப்படுங்கள். மூழ்கிய வண்டி வாங்கின அன்று நன்றாகத்தான் ஓடும். வயரிங்கில் களிம்பு ஏற ஏற, ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு லைட்டாக, ஒவ்வொரு சென்சாராகப் படுத்தும். எந்த எலக்ட்ரீஷியனும் முழுசாகச் சரி பண்ணித் தர முடியாது.

விபத்து நடந்ததா என்று விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். அதில் நோ க்ளெய்ம் போனஸ் என்று ஒரு சதவீதம் இருக்கும். க்ளெய்ம் வாங்காமல் வருஷம் போகப் போக அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். "ஒரு கீறல்கூட இல்லை சார்" என்று சொல்கிற வண்டியின் பாலிசியில் அந்த இடம் பூஜ்யமாக இருந்தால், முந்தைய வருஷம் க்ளெய்ம் போயிருக்கிறது, அல்லது பாலிசி அறுந்து மறுபடி எடுத்திருக்கிறார்கள், அல்லது வண்டி இவர் கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்த பாலிசியில் இந்த போனஸே இருக்காது, அதையும் கவனியுங்கள். வண்டியில் பார்க்க வேண்டியது: முன் ஃபெண்டரையும் பானெட்டையும் பிடிக்கும் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு, ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டில் கம்பெனி வெல்டிங்கின் வட்டப் புள்ளிகள் காணாமல் போயிருப்பது, கண்ணாடிகளில் ஒன்று மட்டும் வேறு வருஷத்தது. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பாடியில் ஓட்டுங்கள். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் ஒட்டாமல் நழுவும். பம்பர் பிளாஸ்டிக், அதில் சோதிக்க வேண்டாம். கதவில் டிங்கரிங் செய்திருந்தால் விலையில் பேசிக்கொள்ளலாம். சேசிஸ் இழுத்து நிமிர்த்தின வண்டியைத் தொடாதீர்கள்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ண வேண்டும். "காலையில் ஏழு மணிக்கு வருகிறேன், நான் வரும் வரை எடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட் சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு மூன்று வினாடி முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால் டைமிங் செயினோ அதன் டென்ஷனரோ தளர்ந்திருக்கிறது. ஆயில் மாற்றாமல் ஓட்டியதன் விளைவு அது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளை ஆவி மார்கழிக் காலையில் ஒரு நிமிஷம் வரலாம், இன்ஜின் சூடேறின பிறகும் நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (கூலன்ட் இன்ஜினுக்குள் கசியாமல் தடுக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்பட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்ளே மோர் மாதிரி வெளுத்த பிசுக்கு இருப்பதும் அதே சந்தேகம்தான்.

கூலன்டின் நிறத்தைத் தனியாகக் கவனியுங்கள். வடசென்னையில் இது முக்கியம். மீஞ்சூர் தொடங்கிக் கடலோரம் முழுக்க நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடக்கிறது. கூலன்ட் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியில் ரேடியேட்டர் டப்பாவில் பச்சையோ நீலமோ இருக்காது, துருப்பிடித்த தேநீர் நிறம் இருக்கும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹீட்டர் கோர் எல்லாம் உள்ளே அரிபட்டிருக்கும். வண்டியை வாங்கினாலும் ரேடியேட்டர் விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

சாவியை ஆன் பண்ணும்போது செக் இன்ஜின், ஆயில், பேட்டரி விளக்குகள் எரிகிறதா, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைகிறதா என்று பாருங்கள். ஏ.பி.எஸ்., ஏர்பேக் உள்ள வண்டியானால் அவற்றுக்கும் இதே சோதனைதான். ஆன் பண்ணும்போதே எரியாத விளக்கு, எரிந்துகொண்டே இருக்கிற விளக்கைவிட மோசம். பல்பைப் பிடுங்கிக் கோளாறை மறைத்திருக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நல்ல ரோட்டை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிழித்துப் போட்ட பகுதியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ், ஷாக் மவுன்ட் எல்லாம் தானாகப் பேசும். ஸ்டீயரிங்கில் கையில் தட்டுவது போன்ற கடகடப்பு வந்தால், அது லிங்க் ராடா ஸ்டீயரிங் ரேக்கா என்று ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டுக்கும் செலவில் பல மடங்கு வித்தியாசம். பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் நான்காவது கியரில் 40-ல் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். வேகம் கூடாமல் இன்ஜின் மட்டும் உறுமினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பிறகு மாதவரம் 200 அடி சாலையில் 80 வரை கொண்டுபோய், கையை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் போட்டால் பெடலில் துடிப்பு வருகிறதா என்று பாருங்கள். பின்னால் வண்டி இல்லாதபோதுதான்.

சென்னையில் ஏ.சி. ஆடம்பரம் இல்லை. மதியம் ஒரு மணிக்கு, வண்டி நிற்கும்போது, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். பத்து நிமிஷத்தில் 10 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காமல், "கேஸ் போட்டா சரியாயிடும்" என்று சொன்னால், கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள். அது தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. கடலோர வண்டியில் முன்னால் நிற்கும் கன்டென்சரின் அலுமினிய இதழ்கள் விரலால் தேய்த்தால் உதிர்கிற அளவுக்கு அரித்திருக்கும். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான்.

பேப்பர் விஷயத்தில் முதலில் எண்களைப் பொருத்திப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். மாருதியின் சேசிஸ் எண் எம்.ஏ.3 என்று தொடங்கும். லோன் போட்டு வாங்கிய வண்டியானால் பாங்கின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். பேர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பரிவாகன் தளத்தில் இன்சூரன்ஸ், புகைச் சான்று, லோன் நிலை எல்லாம் தெரியும், நிலுவையில் உள்ள இ-சலானையும் பார்த்துவிடலாம். பணம் கொடுக்கும் நாளில் தேதி மட்டுமல்ல, மணி, நிமிஷம் வரை எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று காலை அந்த வண்டி யார் மேலாவது மோதியிருந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்தக் காகிதம்தான். வாங்கியவர் 30 நாளுக்குள் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

2012 வண்டியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சொந்த வண்டியின் பதிவு 15 வருஷம். அதாவது 2027-ல் இதை மறுபதிவு செய்ய வேண்டும், படிவம் 25. அப்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் கார்களுக்கான மறுபதிவுக் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. தட்டினால் உதிர்கிற பாடியும், மாற்றின ஹெட்லைட்டும், சத்தம் போடும் சைலன்சரும் சிக்கலாவது அங்கேதான். இந்தச் செலவையும் விலையில் பேசுங்கள். தடா பக்கம் இருந்து வரும் ஆந்திரா பதிவு வண்டியோ, டெல்லியிலிருந்து இறக்கிய வண்டியோ விலை குறைவாக இருக்கிறது என்று யாராவது காட்டினால், படிவம் 28 என்.ஓ.சி., தமிழ்நாட்டு ஆயுள் வரி, பதிவு எண் மாற்றம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். மிச்சம் ஒன்றும் இருக்காது.

விலை 2,00,000-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, மீதி 75,000-ஐ இப்படிப் பிரிப்பேன். பேப்பருக்கும் இன்சூரன்சுக்கும் 12,000. டயர், அலைன்மென்டுக்கு 20,000. சர்வீஸ் 12,000. சஸ்பென்ஷன், பிரேக் 12,000. துரு வேலைக்கு 6,000. மீதி 13,000-ஐத் தொடவே கூடாது. முதல் மூன்று மாதத்தில் பழைய வண்டி ஏதாவது ஒன்றைக் கேட்கும்.

சர்வீஸ் புக்கில் என்ன எழுதியிருந்தாலும் எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயில் சுமார் 3 லிட்டர், ஃபில்டரோடு. கியர் ஆயில், கூலன்ட், நான்கு ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர் இருந்தால் அதுவும். பிளக்கைக் கழற்றும்போது குழியில் ஆயில் தேங்கியிருந்தால் மேல் கவரின் கேஸ்கெட்டையும் அப்போதே மாற்றிவிடலாம், வேலை மிச்சம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் விடக்கூடாது. ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்துப் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கமும், ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள்ளும் இருக்க வேண்டும். பெட்ரோல் ரப்பர் குழாய்களை வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். இந்த வண்டி 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைத்தது அல்ல. இன்று பங்கில் கிடைப்பதோ அதுதான்.

இனி மாடிஃபிகேஷன்.

ஸ்பிரிங் வெட்டுவதைக் கைவிடுங்கள். ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டாலும் ஸ்பிரிங் கிண்ணத்தில் இறுகி உட்காரும்படிதான் அதன் நீளத்தைக் கணக்குப் போட்டிருப்பார்கள். ஒரு சுற்று வெட்டினால், வண்டி பள்ளத்தில் இறங்கிச் சக்கரம் தொங்கும் நேரம் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம். சுற்று குறைந்ததால் ஸ்பிரிங் முன்பைவிட விறைப்பாகவும் ஆகிவிடும், ஷாக்கால் அதை அடக்க முடியாது. கேம்பர், அதாவது சக்கரம் நிற்கும் சாய்வு, மாறி டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டாலும், மணலியிலும் எண்ணூரிலும் உள்ள ரோட்டில் இறக்கிய வண்டி ஆயில் சம்ப்பை இடித்துக்கொண்டுதான் வீடு சேரும். அந்தப் பணத்தில் நான்கு நல்ல ஷாக், முன் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு மாற்றுங்கள். புது வண்டி ஓட்டுவது மாதிரி இருக்கும். உண்மையான முதல் மாடிஃபிகேஷன் இதுதான் என்பது என் கருத்து.

பம்பருக்குப் பின்னால் தாழ இறக்கி வைக்கும் ஏர் ஃபில்டர் கிட்டும் வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் இன்ஜின் காற்றோடு தண்ணீரையும் இழுக்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இன்ஜினே போய்விடும். கம்பெனி வைத்த உயரத்தில் காற்று எடுக்கட்டும்.

அலாய் வீலுக்கு முன் டயரின் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-ம் வாரம். ஆறு வருஷம் தாண்டிய டயரில் பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் வழுக்கும். வி.எக்ஸ்.ஐ.க்கு வந்த அளவு 165/80 ஆர்14. மேல் வேரியன்டுக்கு 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் முதலாவதன் விட்டம் 619.6 மில்லிமீட்டர், இரண்டாவது 621.5. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 15 அங்குலத்துக்குப் போக ஆசைப்பட்டால் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 16, 17 என்று போனால் பக்கச்சுவர் மெலிந்து, பள்ளத்தில் ரிம்மே அடி வாங்கும். போல்ட் வட்டம் 4 x 100, நடுத்துவாரம் 54.1 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் அலாயின் துவாரம் பெரிதாக இருந்தால் நடுவில் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் 80-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நிற்காது. மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப முறுக்குங்கள். இன்னொன்று, ஸ்டீல் ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், மலிவு அலாய் வெடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். கடற்காற்றில் பளபளப்பாகக் கடைந்த முகம் ஒரே மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூக்கும். வேண்டுமானால் முழுக்கப் பெயின்ட் அடித்த அலாயாக வாங்குங்கள்.

ஹெட்லைட் மங்கலாக இருப்பதற்குப் பல்ப் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். லைட் எரியும்போது பேட்டரியில் ஒரு வோல்ட் அளவும் பல்ப் கப்ளரில் ஒரு அளவும் எடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங்கில் வெளிச்சம் தொலைகிறது. ஹாலஜன் பல்பில் வோல்ட் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 16 சதவீதம் வரை குறையும். இரண்டு 30 ஆம்பியர் ரிலே, 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், பீங்கான் கப்ளர் கொண்ட ரிலே கிட் மாட்டுங்கள். ரிலே என்பது பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராக மின்சாரம் கொடுக்கும் மின்சார சுவிட்ச். பழைய கப்ளர் இனி ரிலேயை இயக்குவதற்கு மட்டும். ஹெட்லைட்டின் மஞ்சளேறிய முன்மூடியை 1000, 1500, 2000 நம்பர் எமரி தாளில் தண்ணீரோடு தேய்த்துப் பாலிஷ் போட்டு, மேலே வெயில் தாங்கும் கிளியர் கோட் அடியுங்கள். எச்4 ஹாலஜன், 60/55 வாட்டே போதும். 90/100 வாட் போட்டால் இரண்டு பல்பும் சேர்ந்து ஹை பீமில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கப்ளர் உருகும். மலிவு எல்.இ.டி. பல்பில் ஒளி கிளம்பும் இடம் ஹாலஜன் இழையின் இடத்தோடு பொருந்தாது. ரிஃப்ளெக்டர் அதைச் சிதறடித்து எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், ரோட்டில் தூரம் தெரியாது.

துருத் தடுப்பை மழைக்கு முன், பங்குனி சித்திரை வெயிலில் செய்வது நல்லது. அடிப்பாகத்தைப் பிரஷர் வாஷ் செய்து இரண்டு நாள் முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தின் மேல் கோட்டிங் அடித்தால் துருவை உள்ளே வைத்து மூடியதுதான் மிச்சம். உரிகிற துருவை வயர் பிரஷ்ஷால் சுரண்டி, ரஸ்ட் கன்வர்ட்டர் பூசி, அது கறுத்துக் காய்ந்ததும் எபாக்சி பிரைமர், அதன் மேல் ரப்பர் கோட்டிங். சைலன்சர், பிரேக் டிஸ்க், டிரைவ் ஷாஃப்ட், ரப்பர் புஷ் ஆகியவற்றில் படாமல் மறைத்துவிடச் சொல்லுங்கள். கதவடிப் பெட்டித் தகட்டுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் நீளக் குழாய் வைத்து மெழுகு ஸ்பிரே அடிக்க வேண்டும், பெரும்பாலான கடைகள் விட்டுவிடுவது இதைத்தான். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கம்பியால் வடிகால் துவாரங்களைத் திறந்து விடுங்கள்.

பாகங்கள் வாங்க புதுப்பேட்டை போனால், கதவுக் கண்ணாடி, சைடு மிரர், டெயில் லேம்ப், பவர் விண்டோ சுவிட்ச், சீட், ஸ்டீல் ரிம் எல்லாம் பழையதாக வாங்கலாம், விலை பாதிக்கும் கீழே இருக்கும். டயர், பிரேக் பாகங்கள், ஷாக், ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. ஜி.பி. ரோட்டில் அக்சஸரி வாங்கும்போது, ஒரிஜினல் வயரை வெட்டாமல் கப்ளரிலேயே மாட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். வெட்டி முறுக்கி டேப் சுற்றிய ஒவ்வொரு ஜாயின்டும் நம் கடற்காற்றில் பச்சை பிடிக்கும். மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக்குடையது, அதில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாமல் மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. கறுப்பு ஃபிலிமை 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. இரும்பு பம்பர் கார்டும் கூடாது. நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

கடைசியாக ஆடியோ. ஸ்விஃப்ட் டிக்கியே 204 லிட்டர்தான், 12 அங்குலப் பெட்டி வைத்தால் ஒரு பைக்குக்கூட இடம் இருக்காது. முதலில் முன் கதவில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி போட்டு, கதவுத் தகட்டின் உள்ளே அதிர்வுத் தடுப்பு ஷீட் ஒட்டுங்கள். அடியில் வடிகாலை மூடிவிடாமல். பாதி ஏக்கம் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகும் பாஸ் வேண்டுமென்றால் சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆக்டிவ் சப் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் சப்வூஃபர்) போதும். 300 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து கொடுக்கும் சக்தி) ஆம்ப்தான் வேண்டும் என்றால், 80 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டு அது 375 வாட், அதாவது 28 ஆம்பியர் இழுக்கும். 16 சதுர மி.மீ. சுத்தச் செம்பு வயர் (செம்பு முலாம் பூசிய அலுமினியம் வேண்டாம்), பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம். எர்த் வயர் அரை மீட்டருக்குள், பெயின்டைச் சுரண்டிய வெறும் தகட்டில் முறுக்கி, மேலே கிரீஸ் பூசி மூடுங்கள். அந்த வெறும் தகட்டை அப்படியே விட்டால் அடுத்த துரு அங்கிருந்துதான் கிளம்பும். ஆம்ப், ஸ்பீக்கர் பில்லைப் பத்திரப்படுத்தி, அடுத்த இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது எலக்ட்ரிக்கல் அக்சஸரி என்று அதன் மதிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம் கூடும். சேர்க்காவிட்டால் திருடு போனாலும் தண்ணீரில் போனாலும் அந்தச் சாமானுக்கு ஒரு பைசா வராது.